ராயப்பன் கட்டிய சிவப்புச் சீட்டு

ராயப்பன் ரிட்டயர் ஆகிவிட்டார் என்று யாராவது சொன்னால் அவர் மனைவி கிருபாராணிக்குச் சிரிப்பு வரும். நிம்மதியாக மூச்சு விட்டது கம்பெனிதான். மனுஷன் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி செக்கிங். அளவு ஒரு மயிரிழை பிசகினாலும் சிவப்புச் சீட்டைக் கட்டி ஓரமாகத் தள்ளிவிடுவார். அந்தச் சீட்டு விழுந்த சாமான் எதுவும் கேட்டைத் தாண்டியதில்லை. இப்பேர்ப்பட்டவருக்குச் சப்பாத்தி சுட்டுப் போட்டுப் பாருங்கள், தெரியும். "ராணி, இந்த ஓரம் தடிச்சிருக்குது, அந்த ஓரம் சன்னமா இருக்குது" என்பார். இருபத்தெட்டு வருஷமாக அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவர் ரிட்டயரான மாசம், ராயக்கோட்டையில் மைக்செட் கடை வைத்திருந்த மச்சினன் ஆஸ்டின் கடையை ஒழித்தான். கீறல் விழுந்து பாடாமல் போன இசைத்தட்டுகள் இரண்டு கோணி நிறைய இருந்தன. "மாமாவுக்குப் பொழுது போகும்" என்று இறக்கிவிட்டுப் போனான், புண்ணியவான். ராயப்பன் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தார். இசைத்தட்டை ஓவனில் சூடாக்கினால் நமத்துப்போன அப்பளம் மாதிரித் தொய்கிறது. எடுத்துக் கவிழ்த்த டபராமேல் போட்டுக் கையுறையோடு அமுக்கினால், ஆறுவதற்குள் கிண்ணமாகிவிடுகிறது. அவ்வளவுதான், கிருபாராணியின் பழைய கேக் ஓவன் மொட்டைமாடிக்குப் போய்விட்டது.

கிண்ணம் அழகாகத்தான் வந்தது. விளிம்பு பூவிதழ் போல மடிந்து மடிந்து நின்றது. ஆனால் ராயப்பன் கண்ணுக்குப் பூவா தெரியும்? நடுவில் இருந்த ஓட்டைதான் தெரிந்தது. கிண்ணத்தில் ஓட்டையா! பசை வைத்து அடைத்தார். அதோடு விட்டாரா? தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சொட்டு கசிந்தாலும் சிவப்புச் சீட்டு. ஐந்து மாசத்தில் அறுபது கிண்ணம் செய்தார். தேறியது பதினொன்று.

ஒருநாள் மாடியில் துணி காயப்போட இடமில்லாமல் கிருபாராணி கொதித்துப்போனாள்.

"எடத்தயெல்லாம் அடச்சிக்கினு கெடக்குது. வர்ற கோயில் திருவிழாவுல கடை போடுங்க. ஒண்ணே ஒண்ணு வித்துட்டாலும் நான் வாயத் தொறக்கமாட்டேன். விக்கலன்னா ஓவன், ரெக்கார்டு எல்லாத்தயும் காயலான் கடைக்குப் போட்டுடுவேன். மாதா மேல சத்தியம்!"

மாதாவை இழுத்துவிட்ட பிறகு பேச்சு ஏது? ராயப்பன் ஓவனை ஒருதரம் தடவிப் பார்த்தார். ஓவனும் போய்விட்டால் காலையில் எழுந்து என்னதான் செய்வது? ரிட்டயரான முதல் வாரம் சும்மா இருக்க முடியாமல், தெருவில் நின்ற பைக்குகளின் டயரை எல்லாம் அமுக்கிப் பார்த்து அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

திருவிழாவன்று தேறிய பதினொன்றும் மேஜைமேல் ஒரே சீராக உட்கார்ந்திருந்தன. தேறாத நாற்பத்தொன்பதையும் கிருபாராணி வேண்டுமென்றே கோணிகளில் கட்டி ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தாள். அவர் அவசர அவசரமாக அந்தக் கோணிகளை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

கூட்டம் வந்தது, பார்த்தது. "இதுல கொழம்பு ஊத்தலாமா?" என்றாள் ஒருத்தி.

"சூடு பட்டா வளைஞ்சிடும்மா. சாப்பாடே வெக்கக் கூடாது."

"அப்ப எதுக்கோசரம் இது?"

"தண்ணி கசியாது" என்றார் ராயப்பன், நெஞ்சை நிமிர்த்தி. அவள் வளையல் கடைக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் தாண்டியும் ஒன்றுகூடப் போகவில்லை. கிருபாராணி காயலான் கடைக்காரரின் போன் நம்பரைச் சத்தமாகத் தேட ஆரம்பித்தாள். அப்போதுதான் சூளகிரியில் நர்சரி வைத்திருக்கும் சாந்தம்மா வந்தாள். ஒரு கிண்ணத்தைத் தூக்கி அடியைத் தடவினாள்.

"அய்யோ, ஓட்டைய ஏன் சார் அடச்சீங்க? தண்ணி நின்னா வேரு அழுகிடுமே. ஓட்டை இருந்தா ரோஜா வெக்கலாம்."

"இதெல்லாம் கசியறதுதான்" என்று கிருபாராணி காலாலேயே ஒரு கோணியை வெளியே தள்ளினாள். சாந்தம்மாவின் முகம் மலர்ந்தது. "இது பூரா கசியுதா? எல்லாத்தயும் குடுத்துடுங்க சார்!"

ராயப்பன் கோணியின் வாயை இரண்டு கையாலும் பொத்தினார். "அது ரிஜெக்ட்மா. வெளிய போகாது."

"என்னங்க!" என்று பல்லைக் கடித்தாள் கிருபாராணி.

"முப்பது வருஷமா ஒரு ரிஜெக்ட் பீஸ் என் கையத் தாண்டிப் போனதில்ல ராணி!"

சாந்தம்மா தோளைக் குலுக்கிவிட்டு நடந்தாள். ராயப்பன் கோணியையும் அவள் முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் போனால் ஓவன் போச்சு. கொடுத்தால் முப்பது வருஷம் போச்சு. என்ன தோன்றியதோ, கிண்ணங்களின் செக்கிங் விவரம் எழுதும் நோட்டை எடுத்தார். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'கிண்ணம். கசியக் கூடாது.' அதை அடித்துவிட்டு எழுதினார்: 'பூந்தொட்டி. கசிய வேண்டும்.'

"அம்மா, நில்லுங்க! பத்து நிமிஷம்!"

சும்மா கொடுத்துவிடுவாரா? நாற்பத்தொன்பதையும் வரிசையாகக் கல்மேல் தூக்கி வைத்துத் தண்ணீர் ஊற்றினார். சொட்டுச் சொட்டாகக் கசிந்ததைக் குனிந்து குனிந்து பார்த்து, ஒவ்வொன்றாகச் சிவப்புச் சீட்டை அவிழ்த்தார். அவிழ்த்த சீட்டுகளை மேஜைமேல் இருந்த பதினொன்றுக்கும் கட்டினார்.

"அதயும் குடுங்க, ஓட்டைய நானே போட்டுக்கறேன்" என்றாள் சாந்தம்மா.

"அது ரிஜெக்ட்மா."

கிருபாராணி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் நாற்பத்தொன்பது தொட்டிகள் வண்டி ஏறின, ஓவன் பிழைத்தது.

சாயங்காலம் வீட்டில் தட்டு நிறையச் சப்பாத்தி வந்தது. ராயப்பன் ஒன்றைக் கையில் எடுத்து ஓரத்தைத் தடவினார். வாயைத் திறக்கப் போன சமயம், கிருபாராணி நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"மொதல்ல இது எதுக்குன்னு எழுதுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, 'சப்பாத்தி. சாப்பிட' என்று எழுதினார். பிய்த்து வாயில் போட்டார். இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"நல்லாருக்குது ராணி" என்றார்.

இருபத்தெட்டு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் அவள் காத்திருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சப்பாத்தியைத் தேய்க்கப் போனாள். அது வட்டமாகக்கூட வரவில்லை.