ஹவில்தார் வாங்கிய பதினெட்டு ஆடுகள்

லடாக்கில் பட்டாளத்தில் இருந்த குளிர்காலங்களில் ஹவில்தார் காசிநாதனும் தங்கராசுவும் பேசியதெல்லாம் ஆடுகளைப் பற்றித்தான். முகாமுக்குக் கீழே ஒருவன் தினமும் நூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவான். அதைப் பார்த்துப் பார்த்தே ஆசை வந்துவிட்டது.

"பென்ஷன் வந்ததும் நாமளும் ஆடு வளப்போம்டா" என்பார் தங்கராசு. இருவருக்கும் ஆண்டிமடம்தான் ஊர். ஆனால் இருவர் வீட்டிலும் முந்திரி தவிர வேறெதுவும் வளர்ந்ததில்லை.

1998இல் ஊர் திரும்பியதும் சொன்னபடி செய்தார்கள். காசிநாதனின் தோப்போரம் கொட்டகை போட்டு, சந்தையிலிருந்து பதினெட்டு ஆடுகளைப் பிடித்துவந்தார்கள். காலை ஆறு மணிக்கு விசில். கொம்புகளில் பெயிண்டால் எண்கள். தண்ணீருக்கு வரிசையாக விட்டால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் ஓடும்.

"ஏங்க, அதுங்க என்ன பரேடுக்கா வந்திருக்கு?" என்று காசிநாதனின் மனைவி கலியம்மாள் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

அந்த ஆவணியில் மழை பொய்த்தது. தீவனத்துக்கென்று காசிநாதன் விதைத்த சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. தங்கராசு ஜெயங்கொண்டம் போயிருந்த ஒரு காலையில், வீணாகிறதே என்று காசிநாதன் ஆடுகளை அதில் விட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நுரை தள்ளி ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

பக்கத்துக் கொல்லையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாப்பாயி ஓடி வந்தாள். "ஐயோ சார், வாடுன இளஞ்சோளத்துல மேய வுடலாமா? வெசமாச்சே!"

மாட்டு டாக்டர் மொபெட்டில் வந்து ஊசி போடுவதற்குள் பதினொன்று செத்திருந்தன.

மத்தியானம் திரும்பிய தங்கராசு நின்று பார்த்தார்.

"நாந்தாண்டா வுட்டேன்" என்றார் காசிநாதன்.

"கடப்பாரைய எடு."

இருவரும் குழி வெட்டினார்கள். இடுப்பளவு இறங்கிய பிறகு தங்கராசு மெல்லச் சொன்னார்: "ஆடு எதைத் தின்னா சாவும்னு அந்த லடாக்குக்காரன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்டா."

காசிநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையாகிவிட்டது. பனியில் இறந்த தோழர்களைத் தூக்கி வந்தபோது அடக்கிய அழுகையும் சேர்ந்துகொண்டது போல அழுதார். தங்கராசு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முடியட்டும் என்று காத்திருந்தார்.

மறுநாளிலிருந்து இருவரும் பாப்பாயியின் ஆடுகளோடு போனார்கள், இரண்டு மாதம். "பட்டாளத்துக்காரங்க ரெண்டு பேரு என் பின்னாடி மேய்க்கிறாங்க" என்று அவள் டவுன் பஸ்ஸில் எல்லாரிடமும் சொன்னாள். பிழைத்த ஏழும் நான்கு வருடத்தில் நாற்பதாயின.

2005இல் தங்கராசுவுக்கு முழங்கால் விட்டுப்போய், கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போனார். மூன்றாவது மாடி. ஞாயிறுதோறும் போன் வரும். இப்போது கொட்டகையில் அறுபது உருப்படி. ஆனாலும் காசிநாதனுக்கு நினைப்பில் நிற்பது ஒன்றுமே தெரியாமல் இருவரும் ஆடுகளைத் துரத்தித் திரிந்த அந்த முதல் மாதங்கள்தான்.

போன வாரம் தங்கராசு கேட்டார்: "கருப்பி குட்டி போட்டுச்சா?"

"மூணு."

"கிட்ட கொண்டு போடா, கேப்போம்."

காசிநாதன் செல்போனைக் குட்டிகளிடம் நீட்டினார். அவை பால் குடிப்பதிலேயே மும்முரமாக இருந்தன. கருப்பிதான் கத்தியது.