மாவுப் பொட்டலம் விழுந்த ஞாயிறு

விமானம் பறக்கிற இடத்தில் டீக்கடை நடத்துகிறவனுக்கு வியாபார சாமர்த்தியம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடுங்காத கை வேண்டும். கோப்பையைத் தூக்கும் நேரம் பார்த்துத்தான் யாராவது ஒருவர் கூரையை உரசிக்கொண்டு பறப்பார். கல்யாணச் சமையல், ரயிலடிச் சிற்றுண்டி, கோர்ட்டு வாசல் காப்பி என்று ஆளுக்கொரு இடத்தில் அவதிப்படும் சகோதரர்களே, உங்கள் தலைக்கு மேல் கூரை மட்டும்தான் இருந்தது. என் தலைக்கு மேல் என் மச்சினன் இருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பினாங்குப் பட்டணத்துக் கனவான்கள் சிலர் சேர்ந்து, பாயான் லெப்பாஸ் திடலில் ஒரு பறக்கும் கிளப் நடத்தினார்கள். அதன் டீ அறை என் பொறுப்பு. வாரம் முழுவதும் ஈ ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் குடையும் குழந்தைகளுமாகக் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். கிராமபோன் பாடும், கேக் வெட்டுவார்கள், வெற்றிலை கைமாறும். திருவிழா மாதிரிதான் இருக்கும். நான் மட்டும் மேலே பார்த்துக்கொண்டே கோப்பைகளை எண்ணிக்கொண்டிருப்பேன்.

தராசில் ஏறியவர்

கிளப்பில் ஒரு வழக்கம். விருந்தாளி யார் விமானத்தில் ஏறினாலும் முதலில் தராசில் ஏற வேண்டும். ரப்பர் ஷீட் நிறுக்கிற பெரிய தராசு. அதைக் கொண்டுவந்து வராந்தா நடுவில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் வைத்திருந்தார்கள். எவ்வளவு பெரிய மனுஷனாக இருந்தாலும் மூட்டை மாதிரி நின்று எடை காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

சூலியா தெருவில் துணிக்கடை வைத்திருந்த காதர் ராவுத்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, பறக்க வந்தார். அவர் முறை வர நேரமானது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று என் மேசைக்கு வந்து உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த கறிபாப் சாப்பிட்டார். ருசி பிடித்துப்போய் மறுபடியும் கேட்டார். நானும் மகிழ்ந்துபோய்க் கேட்கக் கேட்க வைத்தேன். கடைசியில் அவர் தராசில் ஏறினதும் கிளப்பின் வெள்ளைக்காரத் துரை தலையை ஆட்டிவிட்டார். எடை கூடுதல், விமானம் தூக்காதாம். கூட்டம் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. ராவுத்தர் நேரே என்னிடம் வந்தார். அடித்துவிடுவாரோ என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ரொம்ப அமைதியாகக் கேட்டார்: "தம்பி, கடையில எடை பாத்துட்டுத்தான் வந்தேன், சரியா இருந்துச்சு. ஏத்துனது நீ. எறக்குற வழியையும் நீயே சொல்லு."

மேலே போகிற மாப்பிள்ளை

இப்போது என் மச்சினன் சுந்தரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி கோமதியின் தம்பி. சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் போய்விட, அவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். கப்பல் கம்பெனியில் நல்ல வேலை. குடி இல்லை, சூது இல்லை. என்னைப் பார்க்க ஒருநாள் கிளப்புக்கு வந்தவன் அங்கேயே உறுப்பினராகிவிட்டான். சம்பளம் முழுக்கப் பெட்ரோலாகப் புகைந்தது. கோமதி ஞாயிற்றுக்கிழமைகளில் சோறு இறங்காமல் தவிப்பாள். அவனுக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணிவைத்துவிட்டால் கால் தரையில் நிற்கும் என்பது அவள் நம்பிக்கை. எனக்கும் அந்த நம்பிக்கையைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஆனால் பெண் கொடுக்கத்தான் ஆளில்லை. ஜாதகம் பொருந்தும், சம்பளம் பொருந்தும், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார் என்று கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நிபோங் திபாலிலிருந்து எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் வந்தார். நல்ல மனிதர். வாசல்வரை போனவர் எங்கள் மேல் இரக்கப்பட்டுத் திரும்பி வந்து காரணத்தைச் சொன்னார். அவர் சொன்னது இதுதான்: "குடிக்கிற பையனா இருந்தாக்கூட இழுத்துட்டு வந்து திருத்திப்புடலாம்மா. இவரு மேல போயிடுறாரே, யாரு போயி இழுக்குறது?"

துரை இங்கே, விமானம் அங்கே

பறக்கக் கற்றுக்கொடுத்த துரை முன்பு தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர். எங்களைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். விமானத்தில் இரண்டே இருக்கை. முன்னால் துரை, பின்னால் சுந்தரம். துரை கூடவே இருக்கிறார் என்பதுதான் எனக்கும் கோமதிக்கும் இருந்த ஒரே ஆறுதல்.

ஒரு நாள் காலை நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். துரை புல்வெளியைத் தாண்டி நடந்து வந்து, என் எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவர் தோளுக்கு மேலே பார்க்கிறேன், விமானம் ஓடி எழும்புகிறது. துரை இங்கே இருந்தால் அங்கே யார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. சுந்தரம் தனியாகத் திடலைச் சுற்றினான். இறங்கும்போது இன்ஜின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த அமைதியில் எனக்கு உயிரே போய்விட்டது. கோமதியிடம் போய் என்ன சொல்லுவேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. "துரை, திரும்பிப் பாருங்களேன்" என்று கெஞ்சினேன். அவர் திரும்பவே இல்லை. "நான் பாக்குறதே இல்லே. பாத்தா எனக்கும் பயம். நீ டீ போடு" என்றார்.

சிவப்புப் பட்டு

கடைசியில் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு குத்தகைக்காரர் பிடி கொடுத்தார். மாப்பிள்ளை பறப்பதைத் தாமே பார்த்து முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டார். கிளப்பில் போட்டி நடக்கிற ஞாயிறன்று வரச் சொன்னேன். அன்றைக்குத்தான் எல்லோரும் சிரித்த முகமாக இருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். இதுவும் தவறினால் வேறு இடம் கிடையாது என்று கோமதி அழுதே விட்டாள்.

போட்டி என்ன என்றால், பின்னால் மடக்கின கூரையில் சிவப்புத் துணி கட்டின திறந்த கார் ஒன்று திடலில் ஓடும். அதன் மேல் பறந்து மாவுப் பொட்டலத்தைப் போட வேண்டும். காரில் விழுந்தால் வெள்ளிக் கிண்ணம். சுந்தரம் கடைசியாகப் பறந்தான். அவன் மேலே போனதும் கீழே போட்டிக் காரின் டயர் வெடித்து, அதை மரத்தடிக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா இன்னொரு காரைத் திடலுக்குள் விட்டான். பெண் வீட்டுக் கார். மடக்கின கூரையின் மேல் அழகாகத் தாம்பூலத் தட்டு வைத்திருந்தார்கள். அதன் மேல் சிவப்புப் பட்டுப் போர்த்தியிருந்தார்கள்.

கையிலிருந்த டீத் தட்டை ஆட்டிக்கொண்டு ஓடினேன். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று சுந்தரம் நினைத்துக்கொண்டானாம். இன்னும் தாழப் பறந்தான். பொட்டலம் தாம்பூலத் தட்டின் நடுவிலேயே விழுந்து வெடித்தது. கார் மறைந்து வெறும் வெள்ளைப் புகை நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். கோமதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

குத்தகைக்காரர் தலைப்பாகையிலிருந்து செருப்புவரை வெள்ளையாக இறங்கினார். அவருக்குப் பின்னால் அதே வெள்ளையில் ஒரு பெண் இறங்கினாள். மாப்பிள்ளை பார்க்கப் பெண்ணும் வருவாள் என்று யார் கண்டது? விமானம் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்த கல்யாணப் பெண் பவளம். விமானத்தை இறக்கிவிட்டுக் கிண்ணம் வாங்க ஓடி வந்த சுந்தரம் இவர்களைக் கண்டு உறைந்து நின்றான். குத்தகைக்காரர் வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. பவளம் கண் இமையில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் சுந்தரத்திடமே கேட்டாள்: "ஓடுற காராச்சே. நேராப் போட்டீங்களா, கொஞ்சம் முன்னாலயா?"

"கொஞ்சம் முன்னால" என்றான் அவன்.

அவள் தகப்பனார் பக்கம் திரும்பினாள். "அப்பா, தட்ட எடுத்துக் குடுங்க. வேற எடம் பாக்க வேணாம்."

கால் தரையில் நின்ற கதை

தை மாதம் கல்யாணம் நடந்தது. கோமதி நிம்மதியாகச் சாப்பிட்டாள். இனி அவன் கால் தரையில் நிற்கும் என்று எல்லோரும் சொன்னோம். என் கோப்பைகளும் உடையாமல் இருந்தன.

அடுத்த போட்டிக்கு முந்தின ஞாயிறு, தேங்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திடலைக் கடந்து வந்துகொண்டிருந்தேன். வெயிலுக்காகத் தலையில் சிவப்புத் துண்டைக் கட்டியிருந்தது என் கெட்ட நேரம். மேலே சுந்தரத்தின் விமானம். பக்கவாட்டில் எட்டிப் பார்த்த தலை அவனுடையது இல்லை, அதற்குப் பின்னல் இருந்தது. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். மாவு என் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. இறங்கி வந்த பவளம் துளிக்கூடச் சிரிக்காமல் என்னைக் கோபித்துக்கொண்டாள்: "ஏண்ணே ஓடுனீங்க? நீங்க நின்னீங்கன்னா நான் கத்துக்கிறது எப்படி?"

ஆக, நான் இருந்த வரைக்கும் அந்தக் கிளப்பில் மேலே போனவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே பத்திரமாகத்தான் இறங்கினார்கள், ஆபத்தெல்லாம் தரையில் நின்று டீ ஊற்றியவனுக்குத்தான்.