கண்டக்டர் அக்காவும் இரட்டை விசிலும்

எதிர்வீட்டு நாய் தெருவைக் கடப்பதைப் பார்ப்பதற்காகவே என் ஜெராக்ஸ் கடையைச் சீக்கிரம் திறந்த காலம் உண்டு. எனக்கு நாய் என்றாலே ஆகாது. ஆனால் ஒரு விஷயம் ஏன், எப்படி என்று தெரிந்துகொள்ளாவிட்டால் சாப்பாடு உள்ளே இறங்காது. அந்த நாய் ஒரு விசிலுக்கு நின்றது, இரண்டு விசிலுக்கு நடந்தது. எப்படி?

விசில் அடித்தவர் கண்டக்டர் அக்கா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று காலமெல்லாம் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது. இனிமேல் சத்தம் போட்டால் இருக்கிற குரலும் போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். டெப்போ வாசலில் கிடந்த குட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அதை எப்படி அதட்டுவார்? பழைய விசிலை எடுத்தார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. குட்டிக்குச் சில்லறை என்று பெயர் வைத்தார்.

"வேலையில இருந்த வரைக்கும் என் கையில நிக்காதது சில்லறைதான் தம்பி. இதாவது நிக்கட்டும்" என்றார் என்னிடம்.

எங்கள் ஊரில் நாய்ச் சட்டம் கொஞ்சம் கடுமை. நாயின் கழுத்தில் நகராட்சி கொடுத்த உரிம வில்லை தொங்க வேண்டும். வாசலைத் தாண்டினால் கயிறு கட்டாயம், அதையும் வளர்ப்பவர் கையில் பிடித்திருக்க வேண்டும். நாயால் யாருக்காவது அடிபட்டால் பழி முழுக்க வளர்த்தவர் தலையில்தான். பிறகு அந்த நாய்க்கு வாயில் கூடு மாட்டித்தான் வெளியே கூட்டி வரலாம். அதிகாரி முன்னால் அதை நடத்தியும் காட்ட வேண்டும். தேறாவிட்டால் நகராட்சி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்படிப் போன நாய் ஒன்றும் திரும்பி வந்ததில்லை.

அக்காவுக்குக் கயிறு என்றால் இளக்காரம். "சொன்னா கேக்கற புள்ளைக்குக் கயிறு எதுக்கு?" என்பார். சட்டத்துக்கு பயந்து, வளையல் மாதிரி தொளதொளவென்று மணிக்கட்டில் மாட்டியிருப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில், முதல்முறையாகக் கூட்டி வந்திருந்த பஸ் நிறுத்தத்தில், அவர் பக்கத்தில் சமர்த்தாக நின்ற சில்லறை, திடீரென்று பாய்ந்தது. கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டது. துணி மூட்டையோடு எதிரே வந்த என் பக்கத்துக் கடைத் தையல்காரர் மேல் நாய் மோதி, மனிதர் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஒரு தையல்காரருக்கு வலது கை போனால் என்ன மிச்சம்? நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

அவர் புகார் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வார்? அதிகாரி வந்து கூடு மாட்டச் சொன்னார். "அடுத்த மாசம் இதே ஸ்டாப்புல நடத்திக் காட்டுங்கம்மா. சரியா வரலைன்னா நாய நாங்க கொண்டு போயிடுவோம்" என்றார். வெறி பிடித்த நாய் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.  அக்கா மறுநாளே தையல் கடைக்குப் போய் உட்கார்ந்து, பொத்தானும் கொக்கியும் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் பேசிய முதல் வார்த்தை, "கொக்கி தலைகீழா இருக்கு" என்பதுதான்.

எனக்கோ மண்டை குடைந்தது. பூனை இல்லை, தின்பண்டம் இல்லை, யாரும் கல் எறியவில்லை. அவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற நாய் எதற்காக ஓடியது? பொறுக்க முடியாமல் தையல் கடைக்கே போய்க் கேட்டுவிட்டேன்.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். "பஸ் கிளம்பிச்சு தம்பி. அதுல இருந்த கண்டக்டர் ரெண்டு விசில் குடுத்தான்."

நான் வாயைப் பிளந்தேன்.

"விசில் அடிச்சா போகணும்னு சொல்லிக் குடுத்தேன். யார் அடிச்சா போகணும்னு சொல்லிக் குடுக்கலியே! சொன்னதத்தான அது செஞ்சுது? தப்பு பூரா என்னுதுதான்" என்று சொல்லி ஓவென்று அழுதார்.

தையல்காரர் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டார். "அழுதா ஆச்சா? வேற எதையாவது பழக்குங்க."

"எதப் பழக்கறது? விசில் ஊர் பூரா இருக்கு. எனக்குக் குரலும் இல்ல."

மடியில் கிடந்த நாய்க்கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தினார். "நான் சேர்ந்த புதுசுல விசில் கிடையாது தம்பி. பஸ்ஸுல தலைக்கு மேல ஒரு கயிறு ஓடும். இழுத்தா டிரைவர் பக்கத்துல மணி அடிக்கும். ஒரு இழுப்புன்னா நிறுத்து, ரெண்டுன்னா போ."

அன்றே விசில் அவர் கையைவிட்டு என் கைக்கு வந்தது. சில்லறைக்கு இனி விசில் கணக்கில் இல்லை; கயிற்றில் ஒரு இழுப்பு என்றால் நில், இரண்டு என்றால் போ. அவர் கயிற்றை உள்ளங்கையில் இறுகச் சுற்றிக்கொண்டு நிற்பார். நான் கடையிலிருந்து இரட்டை விசில் கொடுக்க வேண்டும். நாயே ஆகாத நான், நகல் எடுக்க வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு ஒரு நாய்க்காக ஊதிக்கொண்டிருந்தேன். முதலில் விசில் கேட்டதும் பாய்ந்துவிட்டு, ஏன் இழுத்துப் பிடிக்கிறாய் என்பதுபோல் சில்லறை அவரைப் பார்க்கும். போகப் போக நான் மூச்சு முட்ட ஊதினாலும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

சோதனை நாள் வந்தது. அதிகாரி நிறுத்தத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டுப் பிரித்த கையோடு தையல்காரரும் வந்திருந்தார். ஏன் வந்தார் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொண்டேன். பஸ் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார்.

சில்லறையின் காது விறைத்தது. உடம்பு முன்னால் சாய்ந்தது. கயிற்றில் ஒன்றும் வரவில்லை. அது நின்றுவிட்டது.

ஆனால் அக்கா கிளம்பிவிட்டார்! இத்தனை வருஷமாக இரட்டை விசில் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற பஸ்ஸின் படியில் தாவி ஏறிய கால், அதுவாகவே சாலையில் இறங்கியது. கயிறு ஒருமுறை வெடுக்கென்று இழுபட்டது. ஒரு இழுப்பு. சில்லறை நான்கு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டது. கயிறு இறுகி, அக்காவும் நின்றார். அவர் முகத்துக்கு முன்னால் பஸ் நகர்ந்து போயிற்று.

அதிகாரி சிரித்துவிட்டார். "நாய் ஓகேம்மா. உங்களத்தான் இப்ப அது புடிச்சு நிறுத்தியிருக்கு. கயித்த விட்டுடாதீங்க."

அக்கா நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சில்லறை அசையவே இல்லை. அதன் பின்னங்கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. தையல்காரர்தான் பக்கத்தில் போய், குணமான அந்த வலது கையால் அதன் முதுகைத் தட்டினார்.

"அக்கா, அழுதது போதும். ஒத்த இழுப்புல எவ்வளவு நேரந்தான் நிக்கும் அது? இன்னும் ரெண்டு இழுங்க, வீட்டுக்குப் போகட்டும்."