படிக்கட்டும் லிஃப்ட்காரரும்

லிஃப்ட்காரர் என்றால் அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்தக் கட்டடத்து லிஃப்ட்டைத்தான் நலம் விசாரிப்பார். கதவு மூடும்போது காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "ரோலர் தேஞ்சு போச்சு, சீக்கிரம் மாத்தச் சொல்லுங்க" என்று வந்த காரியத்தை மறந்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். மனுஷர் நல்லவர்தான். வாய் கொஞ்சம் நீளம், மூக்கு அதைவிட நீளம்.

அந்த மூக்குதான் குடும்பத்தைக் கெடுத்தது. ஒரே மகன் படிப்பு முடித்து வேலைக்குப் போன புதிதில், வீட்டுக்கு வரும் நேரம் முன்னே பின்னே ஆயிற்று. கேட்டால் பதில் வராது. இவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனைத் திறக்க அவன் அழுத்தும் எண்ணைப் பக்கத்தில் நின்று பார்த்து வைத்துக்கொண்டு, அவன் குளிக்கப் போன சமயத்தில் அதில் ஒரு செயலியை ஏற்றி, வெளியே தெரியாதபடி மறைத்தும் வைத்தார். அதற்கப்புறம் மகன் போகிற இடமெல்லாம் அப்பாவின் போனில் ஒரு நீலப் புள்ளி ஊர்ந்தது. எட்டு மாதம்! "வேண்டாங்க, வளர்ந்த பிள்ளை" என்று மனைவி சொன்னாள். லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று வெளியே விளக்கு எரிவதில்லையா, அதுபோலத்தான் என்று அவளுக்கே பாடம் எடுத்தார்.

மகன் கண்டுபிடித்த அன்று கத்தவில்லை. போனைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான்.

"நான் என்ன லிஃப்ட்டாப்பா, எந்த மாடியில நிக்கறேன்னு உனக்கு லைட்டு எரிய?"

அவ்வளவுதான். ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எண்ணை மாற்றினான், வேலையை மாற்றினான், ஊரையும் மாற்றினான். அம்மாவிடம்கூட விலாசம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் அப்பா எப்படியும் அவள் வாயைப் பிடுங்கிவிடுவார் என்று அவனுக்குத் தெரியாதா?

ஒரு வருஷம் தலைகீழாக நின்று தேடினார். அப்புறம் பொழுதுபோகாமல் ஒரு செய்தித் தளத்தில் தொழில்நுட்பப் பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தார். மகன் தினமும் படித்த பக்கம் அது. செய்திக்குக் கீழே வாசகர்கள் கருத்து எழுதலாம். 'லிஃப்ட்காரன்' என்ற பெயரில் கணக்குத் தொடங்கினார். பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கண்காணிக்கும் செயலிகளுக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்று ஒரு செய்தி வந்தது. இவருக்குச் சுருக்கென்றது. "பெற்றவர்கள் பார்த்தால் என்ன குடிமுழுகிவிடும்? ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன பயம்?" என்று எழுதினார்.

மறுநாள் காலை அதற்குக் கீழே ஒரு பதில் இருந்தது. "ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் உங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு எதற்கு ஐயா?" எழுதியவர் பெயர் 'படிக்கட்டு'.

லிஃப்ட்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சின்ன வயதில் மகன் லிஃப்ட்டில் ஏறப் பயப்படுவான். ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன் பிள்ளை ஒன்பது மாடி நடந்து ஏறுகிறதே என்று இவர்தான் அவனை 'படிக்கட்டு, படிக்கட்டு' என்று கூப்பிட்டுக் கேலி செய்வார். வீட்டுக்கு வெளியே அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதாள்.

அன்றிலிருந்து ஐந்து வருஷம் அப்பனும் பிள்ளையும் அந்தக் கருத்துப் பெட்டியில்தான் குடித்தனம் நடத்தினார்கள். இவர் அவனை 'நண்பரே' என்பார், அவன் இவரை 'ஐயா' என்பான். முகத்தைப் பார்த்துத் திறக்கும் கதவா, வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்த செய்தியா, பேட்டரி வெடித்த செய்தியா, எதுவானாலும் இவர் ஒன்று சொல்வார், அவன் மறுத்து ஒன்று சொல்வான். ஒரு தடவை நைசாக, "உங்கள் ஊரில் வெயில் அதிகமோ நண்பரே?" என்று கேட்டுப் பார்த்தார். "ஐயா, மூக்கு மறுபடியும் நீள்கிறது" என்று வந்தது. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னொரு நாள், சம்பந்தமே இல்லாத ஒரு செய்திக்குக் கீழே, "மகன் போனில் தகப்பன் கை வைத்தாலும் அது திருட்டுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் செய்தார். இன்றும் அதை நினைத்து அழுகிறார்" என்று எழுதினார். அதற்குப் படிக்கட்டு பதில் எழுதவில்லை. விருப்பக்குறி ஒன்று மட்டும் போட்டிருந்தான்.

"இன்னும் ஏங்க வரல?" என்று அவள் கேட்பாள்.

"வருவான். அவனை அவசரப்படுத்தக் கூடாது" என்பார். எட்டு மாதம் புள்ளியைத் துரத்தியவருக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வந்ததோ!

பொறுமைக்கும் நேரம் இல்லாமல் போயிற்று. மனைவிக்கு வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது, இனி வாரக் கணக்குதான் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். அவளிடம் மறைக்கத்தான் பார்த்தார், ஆனால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. "அவனை வரச் சொல்லுங்க. நண்பரே கிண்பரேன்னு நடிச்சதெல்லாம் போதும். ஒரு தடவை பார்த்துட்டேன்னா போதும்" என்றாள் அவள்.

அன்றே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். "படிக்கட்டு, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உடனே வா. அப்பா." கீழே வார்டும் தன் போன் எண்ணும். தனிப்பட்ட விவரங்கள் இருப்பதால் வெளியிட இயலாது என்று வந்தது. எண்ணை எடுத்துவிட்டு அனுப்பினார். செய்திக்குத் தொடர்பில்லாதது என்று வந்தது.

அப்போதுதான் மனுஷர் தொழில்புத்தியைக் காட்டினார். பதினாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் பதினாலு மாடியிலும் ஒரே அறிவிப்பை ஒட்டுவார், எந்த மாடியில் யார் வந்து நிற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதே கணக்கில் அந்த வரிகளையே நகலெடுத்து, அந்தத் தொழில்நுட்பப் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் ஒட்டிக்கொண்டே போனார். ஒரு செய்தியையும் விடவில்லை, ஒன்றும் வெளியாகவும் இல்லை. அறுபத்து நான்காவது தடவை திரை வெளுத்தது. 'உங்கள் கணக்கு தானியங்கி எனக் கண்டறியப்பட்டு நிரந்தரமாக நீக்கப்பட்டது.'

கணக்கு போனால் ஒழிகிறது. அவர் எழுதியதெல்லாம் போனதோடு, அவற்றுக்கு மகன் எழுதிய பதில்களும் போய்விட்டன. ஐந்து வருஷத்தில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

முறையிடுவதற்கு ஒரு படிவம் இருந்தது. நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கவும், படிக்கட்டுகள் உள்ள படங்களைத் தேர்ந்தெடுக்கவும் என்றது. கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தேர்ந்தெடுத்தார். பதினைந்து வேலை நாட்களில் பதில் வரும் என்று சொன்னது. துணைக்கு வந்திருந்த கொழுந்தியாள் போனில் புதுக் கணக்குத் தொடங்கி எழுதிப் பார்த்தார். புதியவர்களின் கருத்து பரிசீலனைக்குப் பிறகே வெளியாகும் என்றது, வெளியாகவே இல்லை. சொன்னால் சொன்னபடி செய்வார்கள் என்று நம்புகிற ஆள். காத்திருந்தார்.

தினமும் காலையில் கண் விழித்ததும் அவள், "எழுதினானா?" என்பாள். இவர், "இல்ல" என்பார். பத்து நாள் கேட்டாள். பதினோராம் நாள் பேச்சு நின்றுவிட்டது. அவர் முகத்தை மட்டும் பார்த்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மூன்று நாள் அந்தப் பார்வையோடு இருந்துவிட்டு, நான்காம் நாள் காலையில் கொழுந்தியாளைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு அந்தச் செய்தி நிறுவனத்துக்கே கிளம்பினார்.

வரவேற்பில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கருத்துப் பிரிவுக்கு நேர்ல யாரும் வர்றதில்லையே சார். படிவம் இருக்கு, அதுல போடுங்க."

"போட்டாச்சு. என் பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்கா. யாரையாவது கூப்பிடுங்க, இல்ல நான் இங்கயே நிக்கிறேன்."

ஒற்றைக் காலில் நின்று சாதித்தார். கடைசியில் ஒரு பெண் வந்து அவரை உள்ளே அழைத்துப் போனாள். நான்கு மேஜை இருந்த அறையில் மூன்று காலி. முன்னே நான்கு பேர் படித்தார்களாம், இப்போது இயந்திரம் படிக்கிறது, அது தடுமாறுவதைப் பார்க்க இவள் ஒருத்தி. அவர் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டுத் திரையில் தேடினாள்.

"சார், நீங்களும் அவரும் அஞ்சு வருஷமா ஒருத்தருக்கொருத்தர் மட்டும்தான் பதில் எழுதியிருக்கீங்க. அதனால ரெண்டுமே ஒரே இடத்துலேர்ந்து ஓட்டுற மெஷின்னு அது முடிவு பண்ணிடுச்சு. அன்னைக்கே அவர் கணக்கும் போயிடுச்சு."

"அவனையுமா?" லிஃப்ட்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். "அவன் மெயில் விலாசம் உங்ககிட்ட இருக்கும்ல? அதைக் குடுங்கம்மா. நான் அவன் அப்பா."

"இருக்கு. குடுக்க முடியாது சார். அப்பான்னு சொல்லிக்கிட்டு யார் வேணும்னாலும் வரலாம்ல?"

அவள் சொன்னது சரி. இதே நியாயத்தைப் படிக்கட்டு அவரிடம் எத்தனை தடவை எழுதியிருக்கிறான்! "மேல கேட்டுட்டு வர்றேன், உட்காருங்க" என்று அவள் எழுந்து போனாள். போகிற வேகத்தில் திரையை அணைக்கவில்லை.

ஓர் எட்டு நகர்ந்தால் போதும். திரை பாதி திரும்பித்தான் இருந்தது. எழுந்தே விட்டார். கட்டிலில் கிடக்கிறவளுக்காக, அந்தப் பார்வைக்காக ஒரு தடவை பார்த்தால் என்ன? கால் நகர்ந்தது. அவன் கொடுக்காத விலாசத்துக்கு எழுதினால் அவன் திறந்து படிப்பானா? அப்பா மறுபடியும் மோப்பம் பிடித்துவிட்டார் என்று அதையும் மூடிவிட்டுப் போய்விட்டால்? நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் திரும்பி வந்தபோது அப்படித்தான் இருந்தார்.

"நாங்களா அவருக்கு மெயில் போடக் கூடாதாம் சார். அவர் முறையீடு ஏதாவது அனுப்பியிருந்தா அதுக்குப் பதில் போடலாம்." சொல்லிக்கொண்டே தேடினாள். திறக்கப்படாதவை நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. உருட்டிக்கொண்டே போனவள் கை நின்றது. "இருக்கு சார். படிக்கவா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் படித்தாள்.

"என் கணக்கு போனால் போகட்டும். லிஃப்ட்காரன் என்ற பெயரில் எழுதுகிறவர் இயந்திரம் இல்லை. அவர் என் அப்பா. ஐந்து வருஷமாக அவர் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்புகிறேன். நேற்றிலிருந்து அவர் எழுதியது எதையும் காணவில்லை. வீட்டு எண்ணை எத்தனையோ முறை அழுத்திவிட்டு, பேச முகமில்லாமல் வைத்துவிட்டேன். தயவுசெய்து அவரைத் திரும்ப விடுங்கள். அம்மா நன்றாக இருக்கிறார் என்று அவர் எப்படியாவது ஒரு வரியில் எழுதிவிடுவார். எனக்கு அது போதும்."

"இது எப்பம்மா வந்துச்சு?"

"பதிமூணு நாளாச்சு சார்." அவள் குரல் இறங்கிவிட்டது. "யாரும் திறக்கல."

பதிமூன்று நாள். பேச்சு இருந்த நாளெல்லாம் மனைவி கேட்டாளே! அத்தனை தடவையும் இல்லை என்று சொன்னாரே! லிஃப்ட்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்தப் பெண் தண்ணீர் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. கொஞ்சம் பொறுத்து அவளே விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"இப்ப பதில் போடலாம் சார். சொல்லுங்க, அப்படியே அடிக்கிறேன்."

"அம்மாவுக்குப் பேச்சு நின்னுடுச்சு. காது கேக்குதுன்னு டாக்டர் சொல்றார். பழைய ஆஸ்பத்திரிதான், நீ பொறந்த இடம். ஓடி வாடா."

அவள் அடித்தாள். அனுப்புவதற்கு முன் அவர் எழுந்து வந்து பார்த்தார். அவர் சொன்னதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி தானாக வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. 'இது தானியங்கிச் செய்தி. இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.'

"அதை எடுங்கம்மா."

"எடுக்க முடியாது சார். எல்லா மெயில்லயும் அதுவா வரும்."

"எடுங்கம்மா! குப்பைன்னு தள்ளிடுவான்!"

அவள் எதை எதையோ அழுத்திப் பார்த்தாள். அந்த வரி அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஆகிக்கொண்டிருந்தது.

"சரி," என்றார் லிஃப்ட்காரர். "அதுக்கு மேல இன்னும் ஒரு வரி சேருங்க. கீழ எழுதியிருக்கறது பொய்டா. நான் அப்பாதான்."