மாமாவும் நானும் பார்த்த ஐந்தாம் நாள்

என் கணவரும் நானும் பழகத் தொடங்கியது காணாமல் போன ஒரு கண்டெய்னரால். நான் சென்னையில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் இருந்தேன். அவர் போர்ட் கிள்ளானில் அதே வேலையின் மறுமுனையில் இருந்தார். மூன்று வாரம் தினமும் தொலைபேசியில் தேடினோம். கண்டெய்னர் கிடைத்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் திருமணம் செய்துகொண்டு கிள்ளானில் அவர் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் எங்களோடு இருந்தது மாமனார் மட்டும். மாமியார் எங்கள் திருமணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். மாமா முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். எனக்கு வேலை அனுமதி இன்னும் வரவில்லை. ஆக, பகல் முழுவதும் அந்த வீட்டில் மாமாவும் நானும்தான். "சோறு போதும்", "மழை வருது, துணி", "கேட்ட பூட்டிக்கோ." ஐந்து மாதத்தில் இதைத் தாண்டி அவர் என்னிடம் அதிகம் பேசியதில்லை. உள்ளூர் மருமகள்தான் வேண்டும் என்று அவர் முதலில் சொன்னது எனக்குத் தெரியும். என்னைப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கணவரிடம் சொன்னால், "அப்பா அப்படித்தான் லா. பேட்மிண்டன் மேட்ச்சகூட சவுண்ட் இல்லாமதான் பாப்பாரு" என்று சிரிப்பார்.

அந்த மாதம் இந்திய அணி ஆஸ்திரேலியாவில் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவள். பக்கத்துக் கிரிக்கெட் மைதானத்தில் எழும் சத்தம் எங்கள் மொட்டை மாடிவரை கேட்கும். ஒருநாள் ஆட்டமோ இருபது ஓவரோ என்னை அவ்வளவாக இழுத்ததில்லை. ஐந்து நாள் ஆட்டம்தான் என் ஆட்டம். இங்கே வந்த பிறகு ஒரு வசதி தெரிந்தது. அங்கே முதல் பந்து விழும்போது கிள்ளானில் காலை ஏழரை. சென்னையில் விடியும் முன்பே எழ வேண்டியிருந்தது, இங்கே சட்னி அரைத்து முடித்துவிட்டு உட்காரலாம்.

அன்று ஐந்தாம் நாள். ஜெயிக்க வழியே இல்லை. நான்கு விக்கெட் போயிருந்தது, மீதி ஆறை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நின்றால் டிரா. மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். ஆறாவது ஓவரில் படம் உறைந்தது. தெருமுனையில் குழாய் போடத் தோண்டியவர்கள் இணையக் கம்பியை அறுத்துவிட்டார்கள். கைப்பேசியில் பார்த்தேன், கால் மணி நேரத்தில் அதன் டேட்டாவும் தீர்ந்தது. எங்காவது சிக்னல் வந்து ஸ்கோராவது தெரியுமா என்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்தேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பருக்கு மேலே என்னைச் சிறிது நேரம் பார்த்தார்.

"என்னம்மா, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

"இல்ல மாமா. மேட்ச். கடைசி நாள்."

அவர் பேப்பரை மடித்தார். உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு கார் சாவியோடு வந்தார். "வா" என்றார்.

இந்தியர் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவில் அவர் லோரி ஓட்டிய நாளிலிருந்து போகும் ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். பெரிய டிவியில் முந்தைய இரவின் கால்பந்து ஆட்டம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் அதைப் பார்த்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா நேராக அவர்களிடம் போனார்.

"பாஸ், இந்த மேட்ச் நேத்தே முடிஞ்சு போச்சு லா. நம்ம மருமக பாக்குறது லைவ். மாத்திக்கவா?"

'நம்ம மருமக.' அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டேன். அந்த நால்வரில் ஒருவர் தோளைக் குலுக்கி, "மாத்துங்க அங்கிள்" என்றார். பரிமாறுகிற அண்ணன் தேவகோட்டைப் பக்கத்துக்காரர். அலைவரிசையை மாற்ற அவர் ஓடிய வேகத்திலேயே அவரும் காலையிலிருந்து தவித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. "அஞ்சு விக்கெட் போச்சு அக்கா" என்று ஸ்கோரை முதலில் சொன்னவரும் அவர்தான்.

மாமா தனக்குப் பாலும் சீனியும் இல்லாத தேநீர் சொல்லிவிட்டு என் எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு ஓவர் முழுக்கப் பந்துகளை விட்டுவிட்டே நின்றார் மட்டையாளர்.

"ஏன் அடிக்க மாட்றாரு?"

"அடிச்சா அவுட் ஆயிடலாம் மாமா. இன்னிக்கு அவுட் ஆகாம இருந்தாலே போதும்."

"எதுவரைக்கும்?"

"மத்தியானம் ரெண்டரை மணி வரைக்கும்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது மணிகூட ஆகவில்லை. கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். "போர்ட்ல லைன்ல நிக்கிற மாதிரி" என்றார். "காலைல லோரிய கொண்டுபோய் நிறுத்துனா சாயந்தரம்தான் நம்ம கண்டெய்னர் வரும். நடுவுல வெளிய வந்தோம்னா இடம் போயிடும்." பிறகு நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

ஒன்பதரைக்கு அங்கே மதிய உணவு இடைவேளை. இங்கே இரண்டு ரொட்டி சானாய் வந்தது. மாமா தட்டை என் பக்கம் நகர்த்தி, "பசியாறும்..." என்று தொடங்கி நிறுத்தினார். "சாப்புடும்மா" என்றார்.

"ஏன் மாமா மாத்திச் சொல்றீங்க?"

அவர் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வந்த மொத வாரம், காலைல பசியாறிட்டியான்னு கேட்டேன். சிரிச்ச. அப்புறம் உங்க அம்மாகிட்ட போன்ல அதையே சொல்லிச் சிரிச்ச. நான் ஹால்லதான் இருந்தேன்." தேநீரைக் கலக்கினார், அதில் கலக்க ஒன்றும் இல்லை. "நம்ம பேச்சுல பாதி மலாய், பாதி இங்கிலீஷ். உனக்கு வேடிக்கையா இருக்கும்போலன்னு நெனச்சேன். எதுக்கு வம்புன்னு பேசாம இருந்துட்டேன்."

எனக்கு முகம் சுட்டது. மறந்தே போயிருந்த விஷயம் அது. அழகான சொல் என்பதால்தான் சிரித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அது பாதி உண்மைதான். முதல் முறை கேட்டபோது வேடிக்கையாகவும்தான் இருந்தது.

"அப்போ வேடிக்கையாத்தான் இருந்துச்சு மாமா. தப்புதான். ஆனா யோசிச்சுப் பாத்தா எங்க ஊர்ல 'டிபன் சாப்டியா'ன்னு கேப்போம். அதுல பாதி இங்கிலீஷ். உங்களோடது முழுத் தமிழ்."

அவர் அதை யோசித்தார். வாயோரம் லேசாக அசைந்தது. "டிபன்னா எங்களுக்கு மங்கு" என்றார். மங்கு என்றால் பாத்திரம், சோறு எடுத்துப்போகும் அடுக்குப் பாத்திரத்தைத்தான் இங்கே டிபன் என்பார்களாம். "நான் அதையா சாப்புடுறது?"

நான் சிரித்தேன். இந்த முறை அவரும் சிரித்தார்.

ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அவர் கேள்விகளை நிறுத்தவே இல்லை. ஏன் மட்டையாளரைச் சுற்றி இத்தனை பேர் குனிந்து நிற்கிறார்கள், பந்தை ஏன் துடைக்கிறார்கள், தொப்பியை நடுவரிடம் ஏன் கொடுக்கிறார்கள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததை அந்த அண்ணன் தட்டெடுக்க வரும்போது சொல்லிவிட்டுப் போனார். ஏழு விக்கெட் விழுந்தபோது மதியச் சோற்றுக்கு இலை போட்டிருந்தார்கள். எட்டாவது விழுந்தபோது கால்பந்து பார்த்த நால்வரில் இருவர் எங்கள் மேசைக்கே வந்திருந்தார்கள். மாமா அவர்களுக்கு நிலவரத்தை விளக்கினார். "அடிக்கக் கூடாது. அதான் கேம்."

கடைசிக்கு நான்கு ஓவர் இருக்கும்போது ஒன்பதாவது விழுந்தது. வந்தவர் பந்துவீச்சாளர், மட்டையைப் பிடித்த விதத்திலேயே பயம் தெரிந்தது. இரண்டு ஓவர் எப்படியோ தாண்டியது. அடுத்ததில் பந்து அவர் காலில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். நடுவர் விரலைத் தூக்கினார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். பரிமாறும் அண்ணன் குழம்பு வாளியைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டார்.

"அவுட்டானவரு பேட்டு மேல கைய குறுக்கா வெச்சுக் காட்டுறாரே" என்றார் மாமா.

"ரிவ்யூ கேக்கறார் மாமா. மறுபடி பாப்பாங்க."

"பேட்மிண்டன்ல இருக்கே. சேலஞ்ச்." குரலில் திடீர் நம்பிக்கை. "லைனுக்கு வெளிய விழுந்துச்சு. நான் பாத்தேன்."

அவரால் அதைப் பார்த்திருக்கவே முடியாது. ஆனால் திரையில் கோடு போட்டுக் காட்டியபோது பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியேதான் விழுந்திருந்தது, அப்படி விழுந்தால் அவுட் கிடையாது. நடுவர் தன் முடிவைத் திரும்பப் பெற்றார். மாமா மேசையை ஒரே ஒரு தட்டுத் தட்டினார். தேநீர்க் கோப்பை குதித்தது.

மீதிப் பந்துகளை அந்தப் பந்துவீச்சாளரும் துணைக்கு நின்றவரும் எப்படித் தடுத்தார்கள் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கடைசிப் பந்து மட்டையில் பட்டு அவர் காலடியிலேயே செத்து விழுந்தது. இரு அணிகளும் கை குலுக்கின. அண்ணன் ஓடி வந்து என் கையைக் குலுக்கிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு சோற்றுக்குக் காத்திருந்தவர்களிடம் போனார். அவர்கள் எவ்வளவு நேரமாகக் காத்திருந்தார்களோ.

காரில் ஏறியதும் மாமா கேட்டார். "அடுத்த மேட்ச் எப்ப?"

"அடுத்த வியாழக்கெழம மாமா."

"வியாழக்கெழம எனக்கு ஆஸ்பத்திரி, சுகர் டெஸ்ட்." சிக்னலில் நின்றபோது யோசித்தார். "பரவால்ல. அஞ்சு நாள் இருக்கே. வெள்ளிக்கெழமலேருந்து பாப்போம்."

அன்று மாலை கணவர் வேலை முடிந்து வந்தார். வீட்டில் இணையம் இன்னும் வரவில்லை. ஷூவைக் கழற்றிக்கொண்டே, "யாரு ஜெயிச்சா?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாலிலிருந்து மாமா தொடங்கிவிட்டார். யாரும் ஜெயிக்கவில்லை, அதுதான் விஷயம் என்றார். காலையிலிருந்து ஒவ்வொரு விக்கெட்டாகச் சொன்னார், வரிசை தப்பியிருந்தது. நடுவர் விரல் தூக்கிய இடத்தில் எழுந்து நின்றே காட்டினார். கணவர் ஒரு ஷூவைக் கையில் பிடித்தபடி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் வரிசையைத் திருத்தவில்லை. மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டு, மாமா மறந்துபோன ஆறாவது விக்கெட்டை மட்டும் அடுப்படியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.