கதவைத் திறக்காத ஜெய்னம்பு

ஈப்போவில் சாப்பாட்டுக்கடை நடத்தும் ஜெய்னம்பு, ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்குச் சிறுகதையும் எழுதுவாள். கறி அவள் கணவர் அப்துல் நாசரின் கைவண்ணம், கதை அவளுடையது. இரண்டிலும் காரம் தூக்கல்தான்.

அவள் கதையில் யாராவது கதவைத் தட்டினால் போச்சு. உள்ளே இருப்பவள் லேசில் திறந்துவிட மாட்டாள். அடுப்பைத் தணிப்பாள், முக்காட்டைச் சரிசெய்வாள், போன வாரம் காணாமல்போன சாவியை நினைத்துக்கொள்வாள். வாக்கியங்கள் குட்டையாகிக்கொண்டே வரும். வெளியே நிற்பது யார் என்று வாசகருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முடிவை மட்டும் ஜெய்னம்பு முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். முதல் வாசகரான நாசர், "அந்தக் கதவத் தொறந்து தொலைக்கச் சொல்லுலா" என்று பாதியிலேயே முறையிடுவார்.

இந்த வித்தை அவள் பிறந்த ஊரான சுங்காயில் தொடங்கியது. அங்கே ரப்பர் எஸ்டேட் ஓரம் அவள் வாப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். பால் வெட்டிவிட்டு வரும் பெண்கள், சாமான் நிறுத்து முடியும்வரை அவளிடம் கதை கேட்பார்கள். நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிடுவாள். மிச்சம் கேட்க மறுநாளும் வந்தார்கள். வாப்பாவுக்கும் வியாபாரம் நடந்தது.

பழக்கம் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. கேஸ் சிலிண்டர் வந்ததா என்று கேட்டால், காலையில் மழை தூறியதிலிருந்து ஆரம்பிப்பாள். கல்யாணமான நாள்முதல் அவள் முடிவை முதலில் சொன்னது ஒரே ஒரு தடவைதான், வாப்பா இறந்த அன்று: "வாப்பா மௌத்தாயிட்டாங்க, மச்சான்."

போன மாதம் அவள் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவைக் கேட்க, பக்கத்து ஊரான பத்து காஜாவின் ஆஸ்பத்திரிக்கு நாசர்தான் காரில் கூட்டிப்போனார். உள்ளே வர அவருக்குத் தைரியமில்லை. காரை விட இடமில்லை என்று சாக்குச் சொல்லி, காரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே ஜெய்னம்பு டாக்டரம்மாவின் எதிரே உட்கார்ந்தாள். டாக்டரம்மா ஃபைலைத் திறந்தார், கண்ணாடியைத் தேடினார், நடுவில் வந்த போனுக்குப் பதில் சொன்னார். எல்லாம் அவள் கதையில் வருகிற சங்கதிகள். இத்தனை நாளாக வாசகர்களை இப்படியா வதைத்தோம் என்று அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. கடைசியில் டாக்டரம்மா, "பயப்பட ஒண்ணுமில்லம்மா, வெறும் கொழுப்புக்கட்டி" என்றார்.

மனுஷனைக் காக்கவைக்கக் கூடாது என்று வேகவேகமாக வந்து கார்க் கதவைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல மச்சான். கொழுப்புக்கட்டிதானாம்."

நாசரின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட மறைக்காத ஜெய்னு. நீ இப்படிப் பட்டுனு சொல்ற ஆளே இல்ல. வாப்பா மௌத்துக்குத்தான் இப்படிச் சொன்ன."

"அல்லா மேல ஆணையா, ஒண்ணுமே இல்ல."

"என் மனசு தாங்காதுன்னு சொல்ற."

வேறு வழியில்லை. அவள் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "சரி, கேளுங்க. பெஞ்சுல எம்பக்கத்துல ஒரு சீன ஆன்ட்டி ஆரஞ்சு உரிச்சிக்கிட்டு இருந்தாங்க..."

ஆரஞ்சைப் பற்றிச் சொன்னாள். ஆன்ட்டியின் மருமகளைப் பற்றிச் சொன்னாள். டாக்டரம்மா கண்ணாடியைத் தேடிய இடத்துக்கு வந்ததும், நிறுத்தித் தொண்டையைச் செருமினாள்.

நாசரின் பிடி தளர்ந்தது. "கண்ணாடி கெடச்சுதா இல்லியா, சொல்லித் தொலையேன்லா" என்று எரிந்து விழுந்தார். அந்தப் பழைய எரிச்சலைக் கேட்ட பிறகுதான் ஜெய்னம்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வழியில டீ வாங்கிக் குடுங்க, மிச்சத்தச் சொல்றேன்."

நாசர் சிரிக்கப்போய் அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு காரைக் கிளப்பினார். முடிவு தெரிந்த கதையை ஈப்போ வரைக்கும் 'ம்' கொட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.