கடைசியாக வாசித்த அட்டை

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேள்வியக்கா என்பார்கள். ஒன்பது வருஷமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் அவள் பிழைப்பு. என்ன சோப்பு போடுகிறீர்கள், பஸ் நேரத்துக்கு வருகிறதா, குழாய்த் தண்ணீர் நாறுகிறதா என்று கேட்டு, கட்டத்துக்குள் டிக் அடித்து, அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"ஊரையே கேள்வி கேக்கற. உன்னை யாராவது ஒரு கேள்வி கேட்டாங்களா?" என்று நாலாவது மாடி லிப்ட் மாமா கேலி செய்வார்.

முப்பது வருஷம் ஊரிலுள்ள லிப்டுகளையெல்லாம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அவர் குடியிருக்கிற கட்டடத்து லிப்ட் மட்டும் மாதத்தில் பாதி நாள் ஓடாது. அதைச் சொல்லிக் காட்டினால் மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கேள்வியக்கா இரண்டாவது மாடி. இரண்டு அறை, ஒரு சமையல் மேடை, ஒரு தம்பி. தம்பிக்கு நாற்பத்தோரு வயது. இருபத்தாறு வயதில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவன். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பான். பேச்சில் மிஞ்சியது நாலைந்து வார்த்தைதான். அக்கா, தண்ணி, போதும், வண்டி.

வண்டி என்பது தினமும் காலை எட்டேகாலுக்கு வாசலில் வந்து நிற்கிற வெள்ளை வேன். அரசாங்கம் நடத்துகிற நிலையத்திலிருந்து வருவது. அங்கே அவனுக்குக் கைகால் பயிற்சி கொடுப்பார்கள், சோறு போடுவார்கள், ஒரு டப்பா நிறைய நட்டு போல்ட்டைக் கொடுத்துத் தரம் பிரிக்கச் சொல்வார்கள். நாலரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்த எட்டேகாலுக்கும் நாலரைக்கும் நடுவில்தான் அக்காவின் வேலை, சம்பளம், மூச்சு எல்லாமே. ஒரே ஒரு தடவை வேன் வராத நாளில் அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். மூன்று மணி நேரம். திரும்பி வந்து பார்த்தால் குழாய் திறந்தபடி இருக்கிறது, வீடெல்லாம் தண்ணீர், நடுவில் நனைந்து உட்கார்ந்து அவன் அழுதுகொண்டிருக்கிறான். அன்றோடு பூட்டுகிற யோசனையைத் தலைமுழுகிவிட்டாள்.

இந்த வருஷம் அரசாங்கத்துக்குக் கடன் கழுத்து மட்டும் ஏறிவிட்டதாம். செலவைக் குறைப்பதா, வரியை ஏற்றுவதா, கடன் கிடக்கட்டும் என்று விட்டுவிடுவதா என்று மக்களையே கேட்டுவிடலாம் என முடிவெடுத்து, கேட்கிற வேலையை அவளுடைய கம்பெனியிடம் கொடுத்தார்கள். பதின்மூன்று வட்டாரம், பதின்மூன்று பேர். சொந்த வட்டாரமே கேள்வியக்காவுக்கு வந்தது. நடை மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள், பாவம்.

மளிகைக்கடைக்காரர் தராசைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "வரியைக் குறைக்கணும். ஆஸ்பத்திரியில கட்டில் கூட்டணும். கடனை மொத்தமா அடைக்கணும்."

"மூணும் ஒண்ணா நடக்காதேண்ணே. ஏதாவது ஒண்ணைத்தான் டிக் பண்ண முடியும்."

"அது அவங்க பாடு. நீ மூணையும் எழுதிக்கோ."

முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நீட்டியபடி சண்டைக்கே வந்தார். "கடனை நானா வாங்கினேன்? என் கையெழுத்து எங்க இருக்கு, காட்டு பார்ப்போம்!" கல்லூரி வாத்தியார் ஒருவர் நாற்பது நிமிஷம் விளாசித் தள்ளிவிட்டு, கடைசியில் 'கருத்து இல்லை' என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னார். செலவைக் குறைக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. யாருடைய செலவை என்று கேட்டால் அடுத்த வீட்டைக் கை காட்டினார்கள்.

அதற்காகவே ஒன்பதாவது கேள்வி இருந்தது. எட்டு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு செலவு: சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ், பஸ், பூங்கா, புது அலுவலகக் கட்டடம். எட்டாவதாக, 'சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் வயதுவந்தோருக்கான பகல்நேரப் பராமரிப்பு மையங்கள்'. படித்து முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். தெருவில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. தம்பி போகிற நிலையம்தான் அது, அவர்களுக்கு வேன் ஸ்கூல். எட்டையும் வாசித்து, முதலில் எதை வெட்டலாம் என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் அட்டைகளைச் சீட்டு மாதிரி கலைத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டும் என்பது விதி.

ஏன் கலைக்க வேண்டும் என்று பயிற்சி நாளன்று மேற்பார்வை மேடம் விளக்கினாள். அந்த நேரம் பார்த்துத்தான் நிலையத்திலிருந்து போன் வந்தது. தம்பிக்குக் காய்ச்சல். கேள்வியக்கா வராந்தாவுக்கு ஓடிப் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். என்ன சொன்னார்கள் என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டாள். "ஒண்ணுமில்ல, அட்டையைக் கலைக்கணுமாம்" என்றாள் அவள்.

முதல் இரண்டு வீட்டில் ஒழுங்காகக் கலைத்தாள். மூன்றாவது வீட்டில் நிலையத்து அட்டை முதலில் வந்து விழுந்தது. இதை வெட்டலாமா என்று தன் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையை விலை பேசுகிற மாதிரி இருந்தது. அந்த வீட்டம்மாள் வேறு எதையோ சொல்லிக் காப்பாற்றினாள். படியிறங்கும்போதே கேள்வியக்கா தீர்மானித்துவிட்டாள். மற்ற ஏழையும் கலைக்கலாம், இந்த அட்டை மட்டும் அடியில் கிடக்கட்டும். ஏழு செலவைக் கேட்பதற்குள் யாரும் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள், எட்டாவதை எவன் காதில் வாங்கப் போகிறான் என்று கணக்குப் போட்டாள். அவள் செய்த ஒரே கள்ளத்தனம் அதுதான்.

ஆனால் ஜனங்கள் அந்த அட்டையையே எடுத்தார்கள். "அதையே போட்டுக்கோங்க." "இப்ப சொன்னீங்களே, அது." அடுப்பில் குக்கர் கத்தும், உள்ளே குழந்தை கத்தும், நிலைப்படியில் நின்றபடி ஒருத்தி கையை ஆட்டி, "கடைசிதான்க்கா" என்பாள்.  ஆனாலும் கேள்வியக்கா டிக்கை அவர்கள் சொன்ன கட்டத்தில்தான் போட்டாள். பொய் டிக் அடிக்கிற புத்தி அவளுக்குக் கிடையாது.

லிப்ட் மாமா வீட்டுக்குக் கடைசியாகப் போனாள். லிப்ட் நின்றுபோன நாட்களில் தம்பியை முதுகில் சுமந்து மாடி ஏற்றிவிட்டவர் அவர். அவராவது நல்ல வார்த்தை சொல்வார் என்று நம்பிப் போனாள். மாமா ஒரு பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். எட்டையும் வாசித்து முடித்தாள்.

"என்னமோ நீளமா ஒண்ணு சொன்னியே கடைசியா, அதை எடுத்துடும்மா. ஆளை விடு, புகையுது பாரு."

அவள் டிக் போட்டாள். சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவரைப் படிக்கட்டில் பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். இந்த ஊரே இப்படித்தான், முகத்துக்கு நேரே உருகும், கேட்டால் கழுத்தை அறுக்கும் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். இரண்டு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் மேடம் கூப்பிட்டு அனுப்பினாள். கம்ப்யூட்டர் திரையை இவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"மத்த பன்னெண்டு வட்டாரத்துல நூத்துக்கு நாலு பேர் கூட இந்த மையங்களை வெட்டச் சொல்லல. உங்க வட்டாரத்துல மட்டும் நாப்பது பேர். அட்டையைக் கலைச்சீங்களா?"

"கலைச்சேன் மேடம்" என்றாள். "இதை மட்டும் எப்பவும் கடைசியா வெச்சேன்."

"எதுக்கு?"

"யாரும் எடுக்கக் கூடாதுன்னு."

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னாள். "வாசல்ல நிக்க வெச்சு எட்டு விஷயத்தைச் சொன்னா, எட்டாவதுதான் காதுல நிக்கும். அவங்க வெட்டச் சொன்னது அதை இல்லம்மா, கடைசியா கேட்டதை. அதுக்குத்தான் கலைக்கச் சொன்னேன். அன்னிக்கு நீங்க வரலையா?"

"தம்பிக்குக் காய்ச்சல்னு போன் வந்துச்சு மேடம்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஊர் அறுக்கவில்லை. கத்தியை அத்தனை பேர் கையில் திணித்தவள் அவளேதான்.

நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எழுதினாள். மேடம் அதை அரசாங்கத் துறைக்கு அனுப்பினாள், இரண்டு தடவை போனும் செய்தாள், அவளைக் குறை சொல்ல முடியாது. அறிக்கை அதற்கு முன்பே மேலே போய்விட்டிருந்தது. உங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்படும் என்று ஒரு வரி பதில் வந்தது. எவன் கவனத்தில் கொண்டானோ தெரியாது. அடுத்த மாதம் நிலையத்துக் கதவில் தாள் ஒட்டினார்கள். இவ்வட்டார மக்களின் கருத்துக்கு மதிப்பளித்து, கடன் சுமையையும் மனதில் கொண்டு, மையம் இனி திங்கள், செவ்வாய் மட்டும் இயங்கும். மற்ற வட்டாரத்து மையங்களெல்லாம் ஐந்து நாளும் ஓடின.

முதல் புதன்கிழமை காலை. ஏழு மணியிலிருந்து அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. சட்டையைத் தானே மாட்டி, பையைத் தோளில் போட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போய்க் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டான். இழுக்க மனசு வராமல் அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டேகால் ஆயிற்று. எட்டரையும் ஆயிற்று.

லிப்ட் மாமா பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். "என்னம்மா, வண்டி இன்னும் வரல?"

"இனிமே ரெண்டு நாள்தான் மாமா. செலவைக் குறைச்சுட்டாங்க."

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உப்புலேர்ந்து செருப்பு வரைக்கும் வரி கட்டறோம், இந்தப் பிள்ளைக்கு ஒரு வேன் ஓட்டக் காசில்லையா? எவன் நிறுத்தச் சொன்னான்? மனுஷனா அவன்?"

நீங்கள்தான் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. எத்தனையோ நாள் தூக்கம் வராமல் அவருக்காகவே சேர்த்து வைத்திருந்த வார்த்தை அது.

"நான்தான் மாமா" என்றாள்.

அட்டை விஷயம் முழுவதையும் சொன்னாள். எதற்காக அடியில் வைத்தாள், எல்லோரும் ஏன் அதையே எடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். பால் பாக்கெட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா அதைக் கவனிக்கவில்லை.

"நான் எதைச் சொன்னேன்?" என்று கேட்டார்.

கேள்வியக்கா தெருவைப் பார்த்தாள். ஊரையே கேள்வி கேட்டவள் முகத்தை அவர் இரண்டு மூன்று தடவை பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மெள்ளக் குனிந்து, தம்பிக்கு மறுபக்கம் படியில் உட்கார்ந்தார்.

தம்பி அவர் கையைத் தட்டினான்.

"வண்டி?"

மாமா தெருமுனையைப் பார்த்தார். "வரும்ப்பா. திங்கக்கிழமை வரும்" என்றார்.

அவன் தலையை ஆட்டிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, தொடர்ந்து காத்திருந்தான்.